மூளைக்குள்ள பச்சையா மினுக்குறது என்ன? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வரிக்குதிரை மீன் குஞ்சு ஒண்ணோட மூளை முழுக்க பச்சைப் புள்ளி புள்ளியா மினுக்குற படத்தைப் போட்டு, கீழ ரெண்டே வரிதான் எழுதியிருந்தோம். அதுக்கு வந்த கேள்விங்களே இந்தப் பக்கத்தை நிரப்பிடுச்சு, அதனால இந்தத் தடவை வேற எந்த சப்ஜெக்டும் எடுக்கல.

கேள்வி: அக்கா, அந்தப் படத்துல மினுக்குறது நிஜ வெளிச்சமா, கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சதா? நாம யோசிக்கும்போது நம்ம மூளையும் இப்படித்தான் மின்னுமா? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

வெளிச்சம் நிஜம் தம்பி, ஆனா அது மீனோட சொந்த வெளிச்சம் இல்ல. அந்த மீனோட டிஎன்ஏல வெளிய இருந்து ஒரு ஜீனைச் சேத்திருக்காங்க, அந்த ஜீனை வச்சு மீனோட நியூரான்கள், அதாவது மூளையோட நரம்பு செல்கள், கால்சியம் பட்டா பளிச்சிடுற ஜிகேம்ப்னு ஒரு புரதத்தைத் தாமே தயாரிச்சுக்குதுங்க, அதுமேல நீல லைட் அடிச்சா நியூரான் சும்மா கிடக்கும்போது மங்கலாவும் வேலை செய்யும்போது பளிச்சுனு பச்சையாவும் தெரியும். நீல லைட்டை ஆஃப் பண்ணிட்டா ஒண்ணுமே தெரியாது. கலர் விஷயத்துல உங்க சந்தேகமும் சரிதான், ஏன்னா இந்த மாதிரி ஆராய்ச்சிக் கேமராக்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான், வெளிச்சத்தோட அளவை மட்டும் பதியும், நாம பாக்குற கலரைப் பின்னாடி சேப்பாங்க. நம்ம மூளைல அந்த ஜீனும் இல்ல, மண்டை ஓட்டைத் தாண்டி நீல லைட்டும் போகாது, அதனால எவ்வளவு யோசிச்சாலும் மின்னாது.

இந்த வகைப் படத்துல பெரிய பேர் வாங்கினது 2013ல வந்த வேலை. அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல இருக்குற ஜனேலியா ஆராய்ச்சி மையத்துல மிஷா ஆரன்ஸ், ஃபிலிப் கெல்லர்னு ரெண்டு பேர் பண்ணது. மீன் குஞ்சு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், அதுக்குப் பக்கவாட்டுல இருந்து லைட்டை மெல்லிசான தகடு மாதிரி செலுத்தி, அடுக்கு அடுக்கா படம் எடுத்து, சுமார் 1 லட்சம் நியூரான்ல 80 சதவீதத்துக்கு மேல தனித்தனி செல்லா பாத்தாங்க, மூளை முழுக்க ஒரு சுத்து முடிய 1.3 செகண்ட். முதுகெலும்பு இருக்குற ஒரு உயிரோட மூளையை இவ்வளவு முழுசா, உயிரோட இருக்கும்போதே, செல் செல்லா பாத்தது அப்பத்தான். இன்னொண்ணு, இந்த வரிக்குதிரை மீன் கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து ஓடையிலயும் வயல் தண்ணியிலயும் இயற்கையா திரியுற நம்ம நாட்டு மீன், உலகம் பூரா லேப்ல வளக்குறாங்க.

கேள்வி: கால்சியம் என்றால் எலும்பு, பல், பால் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். மூளையில் அதற்கு என்ன வேலை அம்மா? கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் மூளை சுறுசுறுப்பாகுமா? – ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி

நீங்க சொல்லிக்கொடுத்தது சரிதான் ஐயா, அது கதைல பாதி. மீதிப் பாதி 1883லயே ஆரம்பிக்குது. லண்டன்ல சிட்னி ரிங்கர்னு ஒரு டாக்டர், தவளையோட இதயத்தை வெளிய எடுத்து உப்புத் தண்ணில வச்சு துடிக்க வச்சுட்டு இருந்தார், நல்லா துடிச்சுட்டு இருந்த இதயம் சுத்தமான காய்ச்சி வடிச்ச தண்ணில கரைச்ச உப்புக்கு மாத்தினதும் ஓய்ஞ்சு போச்சு. தேடிப் பாத்தா, முன்னாடி உதவியாளர் லண்டன் குழாய்த் தண்ணியத்தான் ஊத்தியிருந்தார், அந்தத் தண்ணில கால்சியம் இருந்துச்சு. கால்சியம் இல்லாம இதயத் தசை சுருங்காதுன்னு அப்படித்தான் தெரிய வந்துச்சு.

நியூரான்ல என்னன்னா, செல்லுக்கு வெளிய இருக்குற கால்சியத்தோட ஒப்பிட்டா உள்ள இருக்குறது சுமார் பத்தாயிரத்துல ஒரு பங்குதான். கால்சியம் உள்ள சேந்தா பாஸ்பேட்டோட சேந்து படிஞ்சுரும், அதனால செல் ராத்திரி பகலா பம்ப் பண்ணி அதை வெளிய தள்ளிட்டே இருக்கும். இப்ப ஒரு நியூரான் சிக்னல் அனுப்புது, அதாவது அதோட சவ்வுல ஒரு மில்லி செகண்ட் நேரம் மின்னழுத்தம் சட்டுனு மாறுது, உடனே கால்சியத்துக்குன்னே இருக்குற வாசல்கள் திறந்து வெளிய இருந்து கால்சியம் கொட்டுது. அது உள்ள வந்தாத்தான் நியூரானோட நுனில இருக்குற ரசாயனப் பைங்க வெடிச்சு அடுத்த நியூரானுக்குச் சேதி போகும், ஞாபகம் பதியறதுக்குத் தேவையான மாற்றங்களும் இதனாலதான் தொடங்குது. அப்ப கால்சியம் ஏறுதுன்னா அந்த நியூரான் இப்பத்தான் பேசியிருக்குன்னு அர்த்தம், ஆராய்ச்சிக்காரங்க பிடிச்சுக்கிட்டது இதைத்தான்.

மாத்திரை விஷயம்: ஆகாது ஐயா. ரத்தத்துல கால்சியம் இவ்வளவுதான் இருக்கணும்னு பாராதைராய்டு சுரப்பியும் வைட்டமின் டியும் சேந்து கண்டிப்பா காவல் காக்குதுங்க. எலும்புக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா சாப்பிடுங்க, மூளைக்காக வாங்காதீங்க.

கேள்வி: புரதத்துக்குக் கண்ணா இருக்கு, கால்சியம் வந்ததை அது எப்படிக் கண்டுபிடிக்குது? கொஞ்சம் விவரமா சொல்லுங்க அக்கா, எங்க புக்ல ஒரு பாராவோட முடிச்சுட்டாங்க. – பயோடெக் மாணவி, கோவை

விவரமாவே சொல்றேன் மா, இந்தக் கதைல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். ஜிகேம்ப்ல மூணு துண்டு இருக்கு. நடுவுல ஜிஎஃப்பி, அதாவது பச்சையா ஒளிர்ற புரதம், ஜெல்லி மீன்ல இருந்து வந்தது. ஒரு பக்கம் கால்மோடுலின், இது உங்க உடம்புலயும் என் உடம்புலயும் இருக்குறதுதான், நாலு கால்சியம் அயனியைப் பிடிச்சுக்கிற சக்தி உண்டு. இன்னொரு பக்கம் எம்13னு ஒரு சின்னத் துணுக்கு, தசைல இருக்குற ஒரு என்சைம்ல இருந்து வெட்டி எடுத்தது. கால்சியம் பிடிச்ச கால்மோடுலின் இந்த எம்13ஐக் கண்டா விடாது, ஓடிப்போய் சுத்தி அணைச்சுக்கும், கால்சியம் இல்லன்னா ரெண்டும் தனித்தனியா ஆடிட்டு இருக்கும்.

இப்ப நடுத்துண்டு. ஜிஎஃப்பி 238 அமினோ அமிலம் கோத்த ஒரு சங்கிலி, மடிஞ்சு பீப்பாய் மாதிரி நிக்கும், ஒளி குடுக்குற பாகம் பீப்பாய்க்கு நட்ட நடுவுல பத்திரமா இருக்கும். இதுல ஆராய்ச்சிக்காரங்க பண்ண வேலை என்னன்னா, சங்கிலியோட பழைய ரெண்டு முனையையும் ஒண்ணா முடிஞ்சுட்டு, 145ங்கிற இடத்துக்குப் பக்கத்துல, அதாவது ஒளிர்ற பாகத்துக்கு நேர் எதிர்ச் சுவர்ல, புதுசா வெட்டி அங்க ரெண்டு புது முனை உண்டாக்கினாங்க, அந்த முனைங்கள்லதான் எம்13ஐயும் கால்மோடுலினையும் ஒட்ட வச்சாங்க. வெட்டினதால சுவர்ல ஒரு ஓட்டை விழுந்துருச்சு, வெளிய இருக்குற தண்ணி உள்ள எட்டுது, ஒளிர்ற பாகம் ஒரு புரோட்டானைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மங்கிப் போய் உக்காந்திருக்கும். அரிக்கேன் லைட்டோட சிம்னில விரிசல் விட்டா காத்து புகுந்து திரி மங்கும்ல, அதேதான். கால்சியம் வந்ததும் கால்மோடுலின் எம்13ஐ அணைக்குது, அந்த அணைப்புல ரெண்டும் சேந்து ஓட்டை வாய்ல வந்து அடைச்சுக்குது, உள்ள இருக்குறது புரோட்டானை விட்டுட்டு பளிச்சுனு எரியுது. செல் கால்சியத்தை வெளிய பம்ப் பண்ணதும் அணைப்பு விட்டுரும், மறுபடி மங்கல். இது திரும்பத் திரும்ப நடக்கும், புரதம் தீந்து போறதில்ல, தேய்ஞ்சாலும் செல் புதுசா செஞ்சுக்கும்.

முதல் ஜிகேம்ப்பை ஜப்பான்ல ஜுனிச்சி நகாய் குழு 2001ல வெளியிட்டுச்சு. அதுக்கு முன்னாடியே 1997ல அட்சுஷி மியாவாக்கியும் ரோஜர் சியனும் கேமிலியன்னு ஒண்ணு செஞ்சிருந்தாங்க, அதுல ரெண்டு கலர் புரதம், கால்சியம் வந்தா ரெண்டும் நெருங்கி ஒண்ணோட சக்தி இன்னொண்ணுக்குத் தாவி கலர் மாறும். நல்ல யோசனை, ஆனா மூளைக்குள்ள மாற்றம் ரொம்பக் கம்மியா தெரிஞ்சதால ஓட்டை அடைக்கிற வழிதான் கடைசில நின்னுச்சு.

கேள்வி: இதைக் கண்டுபிடிச்சதுக்கு நோபல் பரிசு உண்டா? – வாசகர், மதுரை

ஜிகேம்ப்புக்கு இல்ல, அதோட நடுத்துண்டு ஜிஎஃப்பிக்கு உண்டு, 2008ல வேதியியல் நோபல், ஒசாமு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் மூணு பேருக்கும். ஷிமோமுரா 1961 கோடைல அமெரிக்காவோட வடமேற்கு ஓரத்துல ஃப்ரைடே ஹார்பர்ங்கிற ஊர்ல கடற்கரைல வலை போட்டு ஜெல்லி மீனா பிடிச்சார், அந்த ஒரு கோடைல மட்டும் ஏறக்குறைய பத்தாயிரம். குடையோட ஓரத்துல இருக்குற ஒளிர்ற வளையத்தை மட்டும் கத்தரிச்சு, பிழிஞ்சு, எதால ஒளிருதுன்னு தேடினா பிடிபடவே இல்ல, ஒரு நாள் மிச்சத்தை சிங்க்ல கொட்டினா சிங்க்ல இருந்து நீலமா ஒரு பளீர், ஏன்னா அந்த சிங்க்ல கடல் தண்ணி வந்து விழுந்துட்டு இருந்துச்சு, கடல் தண்ணில கால்சியம் இருக்கு. அப்படிக் கிடைச்சது ஈக்வோரின், கால்சியம் பட்டா தானே ஒளி விடுற புரதம். அதைச் சுத்தம் பண்ணும்போது கூடவே ஒட்டிட்டு வந்த பச்சைப் பொருள்தான் ஜிஎஃப்பி. கவனிச்சீங்களா, கால்சியமும் பச்சை ஒளியும் முதல் நாள்லயே ஒரே ஜெல்லி மீன்ல சேந்துதான் இருந்திருக்கு, நாப்பது வருஷம் கழிச்சு மனுஷன் அதை வேற விதமா திரும்பச் சேத்து வச்சான்.

இதுல ஒரு பேரை நான் சொல்லியே ஆகணும். டக்ளஸ் ப்ராஷர். ஜிஎஃப்பியோட ஜீனை முதல்ல பிரிச்சு எடுத்து 1992ல வெளியிட்டது அவர்தான், வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்துல வேலை பாத்துட்டு இருந்தார். பண உதவி நின்னு போச்சு, வேலையும் நிலைக்கல, கிளம்பும்போது அந்த ஜீனைப் பூட்டி வைக்காம கேட்ட சால்ஃபிக்கும் சியனுக்கும் அனுப்பி வச்சார். 2008ல நோபல் அறிவிச்சப்ப அவர் அலபாமா மாநிலத்துல ஹண்ட்ஸ்வில் ஊர்ல ஒரு கார் விக்கிற கம்பெனில வேன் ஓட்டிட்டு இருந்தார். சால்ஃபியும் சியனும் அவரை ஸ்டாக்ஹோமுக்கு விழாவுக்குக் கூப்பிட்டாங்க, பின்னாடி சியன் தன்னோட லேப்லயே வேலையும் குடுத்தார். இருந்தாலும் எனக்கு மனசு ஆறல. அவர் அனுப்பின அந்த ஜீன் இல்லன்னா இந்தப் பக்கத்துல பேசுற எதுவுமே இல்ல, பாடப் புத்தகத்துல மூணு பேர் மட்டும் இருக்குறது நியாயம் இல்லன்னுதான் சொல்வேன்.

கேள்வி: நியூரானைப் பாக்க எலக்ட்ரோடு இருக்கு, சாயமும் இருக்கு. அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு ஜீன்? – எம்.எஸ்சி மாணவர், திருச்சி

நல்ல கேள்வி தம்பி. எலக்ட்ரோடு, அதாவது மூளைக்குள்ள வச்சு மின்சாரத்தை அளக்குற மெல்லிய கம்பி, நேரத்தைத் துல்லியமா சொல்லும், அதுல இன்னைக்கும் அதை அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா எந்த வகை செல் பேசுதுன்னு சுலபமா சொல்லாது. கால்சியத்தைக் காட்டுற சாயம் சியனே எண்பதுகள்ல செஞ்சது, ஃபுரா-2 எல்லாம் அவரோடதுதான், இன்னைக்கும் லேப்ல ஓடுது, ஆனா உயிருள்ள மூளைல ஏத்தினா எல்லா செல்லுலயும் கலந்து ஏறும், சில மணி நேரத்துல கசிஞ்சு போயிரும். ஜீன்னா, அதுக்கு முன்னாடி ஒரு ஸ்விட்ச் வச்சு இந்த வகை நியூரான்ல மட்டும் வேலை செய்னு சொல்லலாம், மாசக்கணக்கா அதே செல்லைத் திரும்பப் போய்ப் பாக்கலாம்.

இந்தக் கடைசிப் பாயிண்ட்தான் பெருசு. ஸ்டான்ஃபோர்டுல மார்க் ஷ்னிட்ஸர் குழு 2 கிராம் கூட இல்லாத ஒரு குட்டி மைக்ரோஸ்கோப் செஞ்சு எலியோட தலைல மாட்டி விட்டாங்க, எலி பாட்டுக்கு ஓடும். ஹிப்போகேம்பஸ்ங்கிற, ஞாபகத்துக்கு உதவுற மூளைப் பகுதில, இந்த இடத்துக்கு வந்தா நான் எரிவேன்னு இருக்குற நியூரான்கள், அதாவது இடத்தை அடையாளம் வைக்கிற செல்கள், அதுங்களை 45 நாள் திரும்பத் திரும்பப் பாத்தாங்க, 2013ல வெளியிட்டாங்க. எலிக்கு இடம் அதேதான், ஓடுற பாதையும் அதேதான், ஆனா ஒரு நாள் எரிஞ்ச செல்கள்ல இன்னொரு நாளும் எரிஞ்சது 15ல இருந்து 25 சதவீதம்தான், மீதி வேற வேற செல்கள். இருந்தும் அந்தக் கொஞ்சத்தை வச்சே எலி எங்க நிக்குதுன்னு கணிக்க முடிஞ்சுது. ஞாபகம்னா குறிப்பிட்ட செல்லுங்க அப்படியே மாறாம இருக்கும்னு நாம நெனச்சுட்டு இருந்ததையே யோசிக்க வச்சுருச்சு, சாயத்தை வச்சு இதைப் பாத்திருக்கவே முடியாது.

கேள்வி: ஜிகேம்ப்ல 6எஸ், 6எஃப், 7, 8னு ஏதோ மொபைல் மாடல் மாதிரி வருதே, என்ன வித்தியாசம்? – வாசகி, சேலம்

புரதத்துல அங்கங்க ஒரு அமினோ அமிலத்தை மாத்தி மாத்தி, நூத்துக்கணக்கா செஞ்சு, நியூரான்ல போட்டுப் பாத்து, நல்லதை எடுத்து வச்சதுதான் அந்த நம்பருங்க. ஜனேலியால லோரன் லூகர் குழு 2009ல மூணாவதை வெளியிட்டுச்சு, 2013ல வந்த ஆறாவதுதான் உலகத்தையே பிடிச்சுது, ஏன்னா அப்பத்தான் ஒரே ஒரு சிக்னலைக் கூட உயிருள்ள எலி மூளைல நம்பிப் பாக்க முடிஞ்சுது. எஸ்னா மெதுவு, ஆனா பிரகாசம் அதிகம், எஃப்னா வேகம். 2019ல ஏழு, 2023ல எட்டு, எட்டாவது சில மில்லி செகண்ட்லயே ஏறிரும். இதையெல்லாம் பூட்டி வச்சுக்காம ஆட்ஜீன்ங்கிற லாப நோக்கம் இல்லாத அமைப்பு வழியா யார் கேட்டாலும் அனுப்புறாங்க, இவ்வளவு வேகமா பரவினதுக்கு அதுவும் காரணம்.

கேள்வி: இதுல குறையே இல்லையா? எல்லாரும் ஆஹா ஓஹோங்கிறாங்க. – வாசகர், ஈரோடு

இருக்குங்க, அதை மறந்துட்டு படத்தை மட்டும் ரசிக்கிறது எனக்கு உடன்பாடு இல்ல. முதல் விஷயம், நாம பாக்குறது நியூரானோட பேச்சு இல்ல, பேசின பிறகு உள்ள ஏறுன கால்சியம். சிக்னல் ஒரு மில்லி செகண்ட், ஆனா 6எஸ்ல அந்த வெளிச்சம் பாதியா குறையவே அரை செகண்ட் பக்கம் ஆகும், அதுக்குள்ள நியூரான் அஞ்சு தடவை பேசியிருந்தா அஞ்சும் ஒரே மேடா தெரியும், அதைக் கணக்குப் போட்டுப் பிரிக்கத் தனியா சாஃப்ட்வேர் வேணும், அதுவும் தோராயம்தான். ஒரு நியூரானை இன்னொண்ணு அடக்குச்சுன்னா, அந்த அடங்கினது பெரும்பாலும் படத்துல தெரியவே தெரியாது, இருட்டு இருட்டாவே இருக்கும், ஆனா மூளைல அடக்குறதும் பேசுறதுக்குச் சமமான வேலை.

ரெண்டாவது, இந்தப் புரதமே கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்குது. அளவுக்கு மீறி இருந்தா செல்லோட சொந்த வேலையைக் கெடுக்கும். மைக்ரோஸ்கோப்புல ஒரு அடையாளம் உண்டு, நல்லா இருக்குற நியூரான் நடுவுல இருட்டும் சுத்தி பச்சை வளையமுமா தெரியும், ஏன்னா நடுவுல இருக்குற கருவுக்குள்ள புரதம் போகாது, உள்ளயும் பச்சை நிரம்பி முழு வட்டமா தெரிஞ்சா அந்த செல் கெட்டுப் போயிட்டு இருக்குன்னு ஒதுக்கிருவாங்க. 2017ல இன்னொரு எச்சரிக்கையும் வந்துச்சு, பிறவிலயே ஜிகேம்ப் வர்ற மாதிரி வளத்த சில எலி வகைகள்ல வலிப்பு மாதிரி மூளை அலைகள் வந்துருக்கு. பாக்குற கருவியே பாக்கப்படுறதை மாத்திருச்சு. அப்புறம் பல லேப்ல எலி குட்டியா இருக்கும்போது அந்த ஜீனை அணைச்சு வச்சு, வளந்த பிறகு ஆன் பண்ண ஆரம்பிச்சாங்க.

கேள்வி: நாளைக்கு இதை வச்சு மனுஷன் மனசுல நெனைக்கிறதைப் படிச்சுருவாங்களா? பயமா இருக்கு மா. அந்த எலிங்களை நெனச்சாலும் கவலையா இருக்கு. – இல்லத்தரசி, தஞ்சாவூர்

பயப்படாதீங்க மா. எலிக்கு எப்படிப் பண்றாங்கன்னு சொன்னாலே புரியும். மயக்க மருந்து குடுத்து, மண்டை ஓட்டுல சில மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமா எடுத்துட்டு, ஜீனை ஏத்தின தீங்கில்லாத வைரஸை நுண்ணிய ஊசியால மூளைல இறக்கி, எடுத்த இடத்துல கண்ணாடி வில்லையை வச்சு மூடி, தலையை அசையாம பிடிக்க ஒரு சின்ன உலோகப் பட்டையை ஒட்டி, ரெண்டு மூணு வாரம் காத்திருந்து, அப்புறம் லேசர் மைக்ரோஸ்கோப் அடில உருளுற பந்து மேல எலியை நிக்க வச்சுப் பாப்பாங்க. அவ்வளவு பண்ணியும் மேலாப்புல ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் பாக்குறதே பாடு. உயிரோட இருக்குற மனுஷ மூளைல மனசைப் படிக்க இதை யாரும் போடுறதில்ல. செய்தில வர்ற மூளைச் சிப்புங்க எல்லாம் மின்சாரத்தை அளக்குறது, அது வேற வழி.

எலிகளைப் பத்தி நீங்க கவலைப்பட்டு எழுதியிருந்ததும் படிச்சேன். அந்தக் கவலை நியாயமானது. வலி தெரியாம பண்ணணும், எண்ணிக்கை குறைக்கணும்னு நெறிக்குழு அனுமதி வாங்கித்தான் செய்யணும், ஒரே எலியை மாசக்கணக்கா பாக்க முடியுறதால முன்ன மாதிரி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எலி தேவைப்படுறதும் குறையுது. ஆனா இதால எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: செடிக்கும் நரம்பு இருக்கா? செடில இதே பச்சை ஓடுற வீடியோ பாத்தேன். – பத்தாம் வகுப்பு மாணவன், விழுப்புரம்

நரம்பு இல்ல கண்ணா, ஆனா கால்சியம் இருக்கு. மசாட்சுகு டொயோட்டா, சைமன் கில்ராய் குழு 2018ல அரபிடாப்சிஸ்ங்கிற சின்னச் செடில இதே ஜிகேம்ப் வகையைப் போட்டு, ஒரு இலையைப் புழு கடிக்க விட்டாங்க, கடிச்ச இடத்துல பச்சை ஏறி காம்பு வழியா, செகண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்துல, கடி படாத வேற இலைக்கும் போச்சு, அந்த இலைங்க புழுவுக்கு எதிரா தற்காப்பு வேலையை ஆரம்பிச்சுதுங்க. கிளப்பி விட்டது குளுட்டமேட், நம்ம மூளைல நியூரான்கள் சேதி அனுப்ப அதிகமா உபயோகிக்கிற அதே ரசாயனம்.

கேள்வி: லேப் வசதி இல்லாத காலேஜ்ல படிக்கிறேன். இந்தத் துறைக்கு எப்படி வர்றது அக்கா? – பி.இ மாணவி, தூத்துக்குடி

லேசர் இல்லாமலே ஆரம்பிக்கலாம் மா. அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்குற ஆலன் இன்ஸ்டிட்யூட் எலிக்குப் படம் காட்டி எடுத்த கால்சியம் பதிவுகளை இலவசமா நெட்ல வச்சிருக்கு, டவுன்லோடு பண்ணிக்கலாம். சூட்2பி, கைமான்னு ரெண்டு சாஃப்ட்வேர், ரெண்டும் இலவசம், வீடியோல எது எது தனி நியூரான்னு பிரிச்சு ஒவ்வொண்ணோட ஏற்ற இறக்கத்தையும் எடுத்துக் குடுக்கும். பைத்தான் கொஞ்சம் தெரிஞ்சா போதும், புள்ளியியல் நல்லா தெரியணும், இன்னைக்கு இந்தத் துறைல படம் எடுக்க ஆள் இருக்காங்க, எடுத்த மலையளவு டேட்டாவை ஒழுங்கா அலசத்தான் ஆள் தேவை. ஒரு சின்ன டேட்டாவை எடுத்து, கிடைமட்டக் கோடு காட்டினா எந்த செல் எரியுது, செங்குத்துக் கோடு காட்டினா எந்த செல் எரியுதுன்னு நீங்களே ஒரு கிராஃப் போட்டுப் பாருங்க. அதைக் கையில வச்சுக்கிட்டு பெங்களூர்ல ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ் மாதிரி ஆராய்ச்சி நிறுவனங்கள்ல கோடை கால மாணவர் பயிற்சிக்கு எழுதிப் போடுங்க.